பன்னிரண்டாவது வினாடி

மதிய இடைவேளையில் கணினி அறைக்கு யாரும் வருவதில்லை. அதனால்தான் தமிழாசிரியர் அந்த நேரமாகப் பார்த்து வந்தார்.

மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ‘ழகரம்’. அது அவருக்கும் தெரியும். உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கணினி ஆசிரியையிடம் போனை நீட்டினார். அதில் ஒரு பாட்டு.

பாட்டு என்றுகூடச் சொல்ல முடியாது. வருடாவருடம் அவர் வகுப்பில் நடத்தும் மழைக் கவிதைக்கு, அவர் மனைவி அடுப்படியில் நின்றபடி தானாகப் போட்ட மெட்டு.

தங்கைக்கு அனுப்புவதற்காகப் பதிவு செய்து, அனுப்ப மறந்திருந்தாள். அவள் இறந்த பிறகு அவளுடைய போனில் கிடைத்தது. அவள் குரல் என்று அவரிடம் இருப்பது அது ஒன்றுதான்.

தினமும் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் முன் அதைக் கேட்பார். பதினோரு வினாடி. பிறகு கட்டைவிரல் தானாக நிறுத்திவிடும்.

பன்னிரண்டாவது வினாடியில் ஓர் ஆண்குரல் குறுக்கிடும். முதல் நாள் அதைக் கேட்டு நிறுத்தியவர், பிறகு அந்தப் பக்கம் போனதே இல்லை. மீதி இரண்டு நிமிடமும் அவள் மௌனமும் பாத்திரச் சத்தமுமாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

காலையில் கும்பிடும்போது அவர் வேண்டுவதும் அதைத்தான். அந்தக் குரல் மட்டும் இல்லாமல் இருந்திருக்கக் கூடாதா?

“நடுவுல ஒரு ஆள் பேசுறான்மா. அவன எடுத்துடணும்.”

“எங்க வெட்டணும்னு மட்டும் காட்டுங்க சார். தையல் தெரியாம ஒட்டித் தர்றேன்” என்று சிரித்தபடி பாட்டைக் கணினியில் ஏற்றி, ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

கேட்கக் கேட்க அவள் சிரிப்பு அடங்கியது.

முழுவதும் கேட்டுவிட்டு எழுந்தாள். ஹெட்போனை அவர் தலையில் மாட்டினாள். முதலிலிருந்து ஓடவிட்டாள். தண்ணீர் பிடித்து வருவதாகச் சொல்லி, நிரம்பியிருந்த பாட்டிலை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

“மளையே, என் வாசல்வரை வா...”

எட்டு. ஒன்பது. பத்து.

போனில் என்றால் எங்கே அழுத்துவது என்று விரலுக்குத் தெரியும். இந்தத் திரையில் தெரியவில்லை. கை மேசைமேல் அலைந்தது.

“மளை இல்ல, மழை. எத்தன தடவ சொல்றது?”

தினமும் வகுப்பில் அவர் கேட்கும் குரல். அவருடைய குரல்.

செருப்பை மாட்டும் சத்தம். கதவு சாத்தும் சத்தம். பஸ் பிடிக்க ஓடிய ஏதோ ஒரு காலை. அவருக்கு அந்த நாள் நினைவில் கூட இல்லை.

பிறகு மௌனம். அவர் பயந்த மௌனம்.

அதற்குள்ளிருந்து ஒரு சிரிப்பு வந்தது. தனக்குத்தானே பேசிக்கொள்ளும் சிரிப்பு.

“மளைன்னு சொன்னாலும் நனையத்தான் செய்யும், வாத்தியாரே.”

பிறகு அவள் விட்ட இடத்திலிருந்து பாடினாள். கடைசி வரி வரைக்கும். மழை வரும் இடமெல்லாம் வேண்டுமென்றே, நன்றாக அழுத்தி, மளை.

மணி அடித்தது. கணினி ஆசிரியை வாசலில் நின்றாள். கையில் அதே பாட்டில்.

“எங்க சார் வெட்டணும்?”

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். நேரமெடுத்துத் துடைத்தார்.

“எங்கயும் வேணாம்மா. மளை முழுசா பெய்யட்டும்.”

முப்பத்தொரு வருட வேலையில் ழகரம் அன்றுதான் முதல்முறையாகப் பிறழ்ந்தது.

அவள் திருத்தவில்லை.