பாஷா தொடாத கோப்பை

பாஷா காபிக் கோப்பையை வாங்கி, குடிக்காமல் தரையில் வைத்தார்.

"நாங்க கேக்கறதைக் குடுத்தாத்தான் குடிப்போம்."

ஜோர்டானின் இர்பித் நகரில் சமாதானம் பேச வருகிறவர்கள் அப்படித்தான். கேட்டது கிடைக்காமல் காபி வாயில் படாது. குடிக்காமல் எழுந்து போய்விட்டால் வீட்டுக்காரன் ஊரில் தலைகாட்ட முடியாது.

வீட்டுக்கு மூத்தவர் ஃபவ்வாஸ் கைகட்டி நின்றார். தம்பி வஸ்ஃபி உள்ளறையில் படுத்திருந்தான். ரொட்டிக் கடை வாசலில் கார் மோதி, காலில் கம்பி வைத்திருந்தார்கள். மோதிய ஐஹம், தன் அப்பாவுக்குப் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான். அவர்கள் தரப்பில் பேச முன்னால் நின்றவர் பாஷா. அவர்களோடு ஒரு கூடம் நிறைய ஆண்கள்.

"படிக்கிற பையன். கேஸை விட்டுடுங்க. எல்லா உரிமையையும் அல்லாவுக்காக விட்டுக்கொடுத்தோம்னு ஒரு கையெழுத்துப் போடுங்க" என்றார் பாஷா.

ஃபவ்வாஸ் நெகிழ்ந்து போனார். "காபியைக் குடிங்க பாஷா, நீங்க கேட்டது..."

"கொஞ்சம் இருங்கண்ணே!"

வஸ்ஃபியின் மனைவி நுஹா நேரே கூடத்துக்குள் வந்து நின்றாள். ஆண்கள் பேசும் இடத்தில் ஒரு பெண்! சபையே முகம் சுளித்தது.

"பையனை மன்னிச்சாச்சு. கேஸ் வேண்டாம். தம்பி, உன் காருக்கு இன்சூரன்ஸ் இருக்குல்ல?"

"இருக்குக்கா" என்றான் ஐஹம்.

"அப்ப இவரு ஆபரேஷன் செலவு கம்பெனி பொறுப்பு. எல்லா உரிமையும்னு எழுதிக்குடுத்தா அதுவும் போயிடும். ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்காரங்க இப்படித்தான் கையெழுத்துப் போட்டு, காபி குடுத்து அனுப்புனாங்க. 'நீங்கதான் மன்னிச்சிட்டீங்களே, இனி என்ன?'ன்னு கம்பெனி கையை விரிச்சிடுச்சு."

பாஷாவின் மீசை துடித்தது.

"தூ! சமாதானம் பேச வந்த எடத்துல காசுப் பேச்சா? புருஷன் காலை விலை பேசுறியா? பெத்த மகனையே பறிகொடுத்தவன்கூட மறு பேச்சில்லாம காபி குடுத்த ஊரும்மா இது!"

ஃபவ்வாஸ் உள்ளறைப் பக்கம் கையை நீட்டினார். "உள்ள போ நுஹா! குடும்ப மானத்தை வாங்காதே!"

"மானம் வந்து அவரை எழுப்பி நடக்க வைக்குமாண்ணே? அவர் சாரம் ஏறிக் கல்லு வைக்கலேன்னா இங்க அடுப்பு எரியாது. பையனை மன்னிக்கச் சொன்னீங்க, மன்னிச்சேன். கம்பெனி என்ன என் கூடப்பிறந்ததா, அதையும் மன்னிக்க?"

பாஷா விருட்டென்று எழுந்தார். "பொம்பளை ஆளுற வீட்ல பச்சைத் தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்!"

அவர் பின்னால் கூட்டமும் எழுந்து போனது. வரிசையாகக் கோப்பைகள் அப்படியே ஆறிக்கிடந்தன. ஃபவ்வாஸ் நுஹாவைப் பார்த்த பார்வையில் அவள் அன்றைக்கே அந்த வீட்டை விட்டுப் போக வேண்டும் என்று இருந்தது.

ஐஹமின் அப்பா மட்டும் நகரவில்லை. தன் கோப்பையை எடுத்து நிதானமாகக் குடித்து முடித்தார்.

"நான் கேட்டு வந்தது என் மகனுக்கு மன்னிப்பு மட்டுந்தான். தங்கச்சி குடுத்திருச்சு. அந்தக் கையெழுத்து விஷயம் எனக்கே புதுசு."

ஃபவ்வாஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதான் பாஷாகிட்ட எடுத்துச் சொல்லணும். உங்க குடும்பப் பெரியவர் மனசை நோகடிச்சிட்டோம்."

"எங்க குடும்பமா? போன வாரம் வரைக்கும் அவர் யாருன்னே எனக்குத் தெரியாது. கூப்பிடாமலே வீடு தேடி வந்து, 'கவலைப்படாதே, நானே முன்னால நின்னு பேசுறேன்'னார். இவ்வளவு பெரிய மனுஷனான்னு பூரிச்சுப் போயிட்டேன்."

"அப்ப அவர் யாரு?"

"எங்க காருக்கு இன்சூரன்ஸ் போட்ட கம்பெனியோட முதலாளி."