டயருக்குக் காதுகுத்து

உறைபனியின் மேல் பைக் ஓட்டத் தெரிந்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். ஒருவர் காலமாகிவிட்டார். இன்னொருவர் நுமாதா.

இதைச் சொன்னதும் நுமாதாதான். வடகோடியில் இருக்கும் வக்கனாய் ஊரில், இகராஷியின் டயர் கடை அடுப்பருகே நின்று, கையில் சூடான காபி டப்பாவோடு, கொஞ்சமும் சிரிக்காமல் சொன்னார்.

அன்று வருடத்தின் கடைசி நாள். கடலோரச் சோயா முனையில் புத்தாண்டின் முதல் சூரியனைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வந்திருந்த பைக்காரர்கள் கடைத் தரையெங்கும் உட்கார்ந்து, தங்கள் டயர்களில் எஃகுத் திருகாணிகளை முடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன, எல்லாரும் டயருக்குக் காதுகுத்து நடத்துறீங்களா?" என்றார் நுமாதா. "தோட்டுக்குத்தான்யா திருகாணி வேணும், டயருக்கு எதுக்கு? ரப்பர் மெத்துன்னு இருக்கணும், வெட்டு ஆழமா இருக்கணும். அவ்வளவுதான். டயர் பனியோட பேசணும். குத்தக் கூடாது."

"போன வருஷம் பேசினப்ப பனி என்ன அண்ணே சொல்லிச்சு?" என்றாள் ஒசாகாவிலிருந்து வந்திருந்த சயோகோ, குனிந்த தலை நிமிராமல். "கொஞ்ச நேரம் படுத்துக்கோன்னு சொல்லிச்சாமே?"

"அது நானா படுத்தது. ரோடு எப்படி இருக்குன்னு பாத்தேன்."

சிரிப்பு அடங்குவதற்குள் கதவைத் தள்ளிக்கொண்டு காவலர் ஓபாதா வந்தார். தொப்பியிலிருந்த பனியைத் தட்டிவிட்டு விஷயத்தைச் சொன்னார். சசமோரி மீன் கடையின் பின்புறம், பனிக்குள் புதைத்து வைத்திருந்த பெரிய நண்டைக் காணவில்லை. கடைக்கார அம்மா ஒரே கூச்சல்.

"பைக் தடம் நல்லா விழுந்திருக்கு. புத்தம்புது பனி டயர். ஆணி குத்தின ஓட்டை ஒண்ணுகூட இல்லை."

கடையில் திருப்புளிகள் நின்றன. எல்லாக் கண்களும் அடுப்பருகே போயின. இந்த ஊரில் ஆணியில்லாமல் ஓட்டுகிற மகான் யாரென்று கேட்டால் மழலைப் பள்ளிக் குழந்தைகூடக் கை நீட்டும்.

"வெளியில கித்தான் போர்த்திக் கட்டியிருக்கே, அது உங்க வண்டிதானே?" என்றார் ஓபாதா. "கழட்டிக் காட்டுங்களேன். டயர்ல ஒரே ஒரு ஆணி இருந்தாக்கூட மன்னிப்புக் கேட்டுட்டுப் போயிடறேன்."

கடை மறுபடி சிரித்தது. நுமாதா சிரிக்கவில்லை. காபி டப்பாவைக் கீழே வைத்தார்.

"கழட்ட வேண்டாம் சார். நான்தான் எடுத்தேன்."

இகராஷியின் கையிலிருந்த டயர் நழுவி, உருண்டு, சயோகோவின் முதுகில் முட்டி நின்றது.

"நண்டு எங்க?"

"தின்னுட்டேன்."

"முழுசாவா?"

"முழுசா."

"ஓடு?"

நுமாதா கொஞ்சம் யோசித்தார். "ஓடும்தான்."

"உனக்குத்தான் நண்டே ஆகாதேப்பா!" என்றார் இகராஷி. "ஒரு துண்டு வாயில வெச்சதுக்கே அன்னைக்கு மூஞ்சி பூசணிக்கா ஆச்சே?"

"இப்பப் பழகிட்டேன்."

ஓபாதா பெருமூச்சு விட்டார். "அப்ப கிளம்புங்க. ராத்திரி ஸ்டேஷன்லதான். நாளைக்குச் சோயா முனை, சூரியன் எல்லாம் கிடையாது."

நுமாதா ஒரு புத்தாண்டுகூட அந்தச் சூரியனைத் தவறவிட்டதில்லை. அதற்காகத் தன் கல்யாணத்தையே ஒருமுறை தள்ளிப் போட்டவர். பெண் வீட்டார் அதை ஒரேயடியாகத் தள்ளிவிட்டார்கள். அந்த மனிதர் இப்போது ஜன்னல் வழியே கித்தானைப் பார்த்தார், சயோகோவைப் பார்த்தார்.

"சரி சார். நடந்தே போயிடலாம்."

வாசலுக்குப் போவதற்குள் இகராஷியின் போன் அடித்தது. மனைவி. அவள் குரலுக்கு ஸ்பீக்கர் தேவையில்லை.

"இங்க பாருங்க, மீன் கடை சசமோரி அம்மாவோட வீட்டுக்காரர் வருஷக் கடைசி மரியாதைன்னு இம்மாம் பெரிய நண்டைக் கொண்டாந்து வெச்சுட்டுப் போறாரு. தன் பொண்டாட்டிக்குத் தெரிய வேண்டாம்னு வேற சொல்றாரு. பதிலுக்கு நாம என்னங்க அனுப்பறது?"

இகராஷி நெற்றியில் அடித்துக்கொண்டார். "நேத்துதான் டெலிவரி பைக்குக்கு என்கிட்ட பனி டயர் மாத்தினாரு. இங்க இருக்கிற கூட்டத்தைப் பாத்துட்டு, ஆணியை அப்புறம் வெச்சுக்கலாம்னு அப்படியே ஓட்டிட்டுப் போனாரு!"

ஓபாதா இடுப்பு வரை வளைந்து மன்னிப்புக் கேட்டார். நிமிர்ந்ததும் கேட்டார்: "அப்ப நீங்க எதுக்குங்க ஒத்துக்கிட்டீங்க?"

"வருஷக் கடைசி. உங்களுக்கும் ஒரு கேஸ் முடிஞ்ச சந்தோஷம் இருக்கட்டுமேன்னுதான்."

"அண்ணே! உங்களைப் போய்க் கிண்டல் பண்ணிட்டேனே!" சயோகோவுக்குக் கண் கலங்கிவிட்டது. யாரோ கை தட்டினார்கள். மூலையில் ஒருவர், தன் டயரில் பாதி வரை முடுக்கிய திருகாணியைச் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார்.

"கொஞ்சம் காத்து வாங்கிட்டு வரேன்" என்று நுமாதா வெளியே போனார். வெளியே மூக்கு முடி விறைக்கிற குளிர். கையுறைகள் அடுப்பருகிலேயே கிடந்தன. மனிதர் உணர்ச்சிவசப்பட்டு மறந்துவிட்டார் என்று நினைத்து, இகராஷி அவற்றை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.

மறந்ததல்ல, கித்தானுக்குள் தலையை விட்டிருந்த நுமாதா, கையுறையோடு செய்ய முடியாத வேலையாக, பின்சக்கரத்தில் மிச்சமிருந்த கடைசிக் காதுக்குத் திருகாணி போட்டுக்கொண்டிருந்தார்.