திறந்து கிடந்த பின்வாசல்

"காலையில உங்க அண்ணன் கையை டாக்டர் பார்த்திருப்பார். ஞாபகம் இருக்கா?"

"ம்" என்றான் புருஷன். கண் கம்ப்யூட்டரை விட்டு நகரவில்லை.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கூடப் பிறந்தவனின் வலது கை விளங்குமா, விளங்காதா என்று தெரிகிற நாளில், இந்த மனுஷன் கோட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்!

மாயாஜாலப் படம் ஒன்று பாகம் பாகமாக வந்து எல்லாரையும் கிறுக்காக்கியதே, அதை வைத்துச் செய்த விளையாட்டு. கோட்டை கட்ட வேண்டும், பூதங்களையும் குதிரைப்படையையும் சேர்க்க வேண்டும். எங்கோ உட்கார்ந்து விளையாடும் எதிராளி நம் கோட்டையை இடிப்பதற்குள் அவன் கோட்டையை நாம் இடிக்க வேண்டும். கண்ணைச் சிமிட்டினால் போச்சு.

அண்ணனும் தம்பியும் சேர்ந்து அச்சாபீஸ் நடத்தியவர்கள். அண்ணன் ரோலரைத் துடைத்துக்கொண்டிருந்தது தெரியாமல் தம்பி மெஷினைப் போட்டுவிட்டான். விரல்கள் நசுங்கிவிட்டன. "இனி என் கண்ணு முன்னால வராதே!" என்று வலியில் கத்திவிட்டார் அண்ணன்.

அன்றைக்கு வீட்டுக்குள் புகுந்தவன்தான் இவன். ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அச்சாபீஸ் பூட்டிக் கிடக்கிறது. சாயங்காலமானால் இந்த விளையாட்டு. தினமும் தோல்வி. தோற்றுவிட்டு வந்துதான் சாப்பாட்டில் கை வைப்பான். நல்ல கூத்து!

"விரல் அசையலைன்னா ஆயுசுக்கும் விறைச்சுத்தான் கிடக்குமாம். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பறப்ப உங்க அண்ணி போன்ல அழுதாங்க. அப்புறம் சத்தமே இல்லை. ஒரு எட்டு போய்ப் பார்த்தா குறைஞ்சா போயிடுவீங்க?"

"இரு, இரு. மதில்கிட்ட வந்துட்டான்."

திரையில் அவன் குதிரைப்படை, தட்டி அடுக்கிய காகிதக் கட்டு மாதிரி மூலைக்கு மூலை பிசகாமல் நின்றது. அத்தனையும் முன்வாசலில். பின்வாசல் ஆவென்று திறந்து கிடந்தது. விளையாடத் தெரியாத அவள் கண்ணுக்கே அது பட்டது.

"பின்னாடி காவலே இல்லையே! அறிவிருக்கா?"

"இருக்கட்டும் விடு."

எதிராளியின் படை மளமளவென்று பின்வாசலில் புகுந்தது. புருஷன் சிரித்தான். "இன்னிக்கு என்ன வேகம் பாரேன்!"

சிரிப்பு வேறயா? குனிந்து பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள்.

"ஐயோ! என்ன காரியம் பண்ணிட்டே!" அவன் துள்ளி எழுந்தான். முகம் வெளுத்துவிட்டது. "பாதியில ஓடிட்டேன்னு நினைப்பானே! நாளையிலேருந்து வராமப் போயிட்டா?"

"வராட்டிப் போகட்டும்! ஊர் பேர் தெரியாதவன்மேல இருக்கிற அக்கறை அண்ணன்மேல இல்லை. நீங்கல்லாம் ஒரு தம்பி!"

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

புருஷனின் அண்ணன் வீட்டுக்கு வேகமாக நடந்தாள். அத்தான் கை போய்விட்டது என்று தெரிந்தால் இந்த மனுஷன் இனி எழுந்து நடமாடவே மாட்டான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

கதவைத் திறந்த ஓர்ப்படியின் கண் சிவந்திருந்தது.

"அக்கா... டாக்டர் என்ன சொன்னார்?"

"விரல் மடங்குதாம்டி! இனி பயமில்லைன்னுட்டார்! போன்ல சொன்னா பத்தாது, நேர்லயே வந்து சொல்லணும்னு கிளம்பிக்கிட்டே இருந்தேன்" என்று கட்டிக்கொண்டு அழுதாள். "ரப்பர் பந்தை அமுக்குங்கன்னா சுவத்துல விட்டெறிஞ்ச மனுஷன். எந்தப் பயிற்சியும் செய்ய மாட்டேன்னு ஒரே பிடிவாதம். அப்பத்தான் மலைப்பூதம்னு பேர் வச்சுக்கிட்டு எவனோ கம்ப்யூட்டர்ல சண்டைக்குக் கூப்பிட்டான். அதுலேருந்து தினமும் மௌஸும் கையுமா உட்கார்ந்துடறார். அந்தப் புண்ணியவான் நல்லா இருக்கணும்!"

இவள் உள்ளறைக்குப் போனாள்.

அத்தான் திரைக்கு முன்னால் தவித்துக்கொண்டிருந்தார். தழும்பேறிய விரல்கள் மௌஸை அமுக்கி அமுக்கிப் பார்த்தன. 'மலைப்பூதம் வெளியேறிவிட்டது' என்றது திரை. அதற்குப் பின்னால் பாதி இடிந்த கோட்டை. முன்வாசலில், காகிதக் கட்டு மாதிரி, பிசகாத குதிரைப்படை.

சற்று முன் வீட்டில் பார்த்த அதே படை! பிளக்கைப் பிடுங்கிய கையை வெட்டிப் போடலாம் போல் இருந்தது.

"அத்தான்... அந்த மலைப்பூதம் யாருன்னா..."

"உஷ்! மெதுவா." அத்தான் கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டார். "போர் நடக்கிறப்ப படையைத் தட்டித் தட்டி அடுக்கி வைக்கிறவன் வேற எவன் இருக்கான்? முதல் நாளே தெரிஞ்சுபோச்சு. அப்படி அடுக்கத் தெரிஞ்சவனுக்குப் பின்வாசலை மூடத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா கூப்பிட்டுப் பேசலை?"

"எத்தனை தடவை போன் பண்ணியிருப்பேன்! என் பேரைப் பார்த்தாலே எடுக்க மாட்டேங்கறானே. இது ஒண்ணுக்குத்தான் வர்றான். எனக்குத் தெரியும்னு அவன்கிட்ட சொல்லிடாதே, இதுக்கும் வர மாட்டான்."

"உங்க கை இவ்வளவு தூரம் தேறினதே அவராலதான், அத்தான்."

அத்தான் விரல்களை மடக்கிப் பார்த்தார். வலியில் முகம் சுளித்தது.

"ஒவ்வொரு தடவை அழுத்தறப்பவும் உயிர் போகுதும்மா. கைக்காகன்னா எப்பவோ விட்டிருப்பேன். தினமும் தோத்துட்டு வந்துதான் சாப்பிடறார்னு அக்காகிட்ட நீ புலம்பினியே... அவன் சாப்பிடணுமே!"