கம்பியைத் தேடிய கை

எலும்பு மூட்டுப் பிசியோதெரபி ரெசிடென்சிப் பயிற்சியில் எனக்கு அன்று கடைசித் தேர்வு. முகமில்லாத இயந்திரப் பொம்மை ஒன்று எதிரே நடந்து காட்டும். என்றோ வந்துபோன நிஜ நோயாளியின் நடை அது. கோளாறு எங்கே என்று நான் சொல்ல வேண்டும்.

பொம்மை வலதுகாலை ஊன்றும் முன் இடதுகையை மேலே தூக்கி, அங்கே இல்லாத கம்பியைத் தேடியது. பஸ் கண்டக்டரான என் அப்பா, இடுப்பு வலி வந்த நாட்களில், பஸ்ஸின் மேல்கம்பியைப் பிடிப்பதுபோல் வீட்டுக்குள்ளும் இப்படித்தான் நடந்தார்.

"இடுப்பு எலும்புல விரிசல், மேடம்."

தேர்வாளர் பிரமிளா மேடம் திரையைப் பார்த்தார். "தப்பு. வேலைக்குப் போகாம இருக்க நடிக்கிறார்னு அப்பவே டாக்டருங்க எழுதியிருக்காங்க."

"அப்படி எழுதித்தான் டூட்டிக்கு அனுப்பினாங்க. மூணாம் வாரம் பஸ் படிக்கட்டுல எலும்பு முறிஞ்சுது. இன்னிக்கும் படுக்கையிலதான் இருக்கார். அவர் எங்கப்பா, மேடம்."

"இருக்கலாம்மா. விடையை மாத்த எனக்கு அதிகாரம் இல்ல. இன்னொரு சான்ஸ் தரேன். இல்லன்னா திரும்ப ஒரு வருஷம்."

நோயாளி சொல்வதை முதலில் நம்பு என்று வருஷம் முழுக்கச் சொல்லிக் கொடுத்ததும் இவர்தான்.

திரையில் 'நடிப்பு' என்ற கட்டத்தைத் தொட்டேன். பச்சை விளக்கு எரிந்தது.

வெளியே வந்து அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"பாஸாயிட்டேன்பா."

"எனக்குத் தெரியும்மா! கடைசியா என்ன கேஸு?"

"ஒண்ணுமில்லப்பா. வேலைக்குப் போகப் பிடிக்காம ஒருத்தன் நடிச்சான்."

"அதையும் கண்டுபிடிச்சிட்டியா!" அப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை.