மதுரைக்கு மொத பஸ்

ஊசியை உருவிவிட்டு, அவர் கையில் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டேதான் சொன்னாள். திங்கட்கிழமை முதல் அவள் வரமாட்டாள்.

பெங்களூரில் வேலை. பெரிய மருத்துவமனை.

கட்டிலில் கிடந்த சவரிமுத்து கண்ணைத் திறந்தார்.

கடலுக்குப் போன உடம்பு. இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு, வீடும் இந்தத் தாலுகா மருத்துவமனையின் டயாலிசிஸ் கட்டிலும்தான் அவருக்கு உலகம்.

"நல்லது தாயி. நல்லா இரு."

நிஜமாகவே சிரித்தார்.

அவள் இடத்துக்கு வேறு ஆள் போடுவார்களாம். எப்போது என்று டாக்டருக்கே தெரியவில்லை. டயாலிசிஸ் டெக்னீஷியன் படிப்பை முடித்தவர்கள் யாரும் இந்தப் பக்கம் வரச் சம்மதிப்பதில்லை. ஆள் வரும்வரை அறையைப் பூட்டித்தான் வைக்க வேண்டும் என்றார் டாக்டர். இருந்துவிடேன் என்று அவளிடம் ஒருமுறை கேட்டார். மறுமுறை கேட்கவில்லை.

அவளுடைய பட்டமளிப்பு விழாவிலும் ஒருவர் கேட்டார். படித்த பிள்ளைகள் எல்லோரும் வெளியே போய்விட்டால் நம் சனங்களை யார் பார்ப்பது என்று மேடையில் தழுதழுத்தார்.

அரங்கமே கைதட்டியது. அவளும் தட்டினாள்.

பக்கத்தில் உட்கார்ந்து தட்டிய தோழிதான் இந்த வேலையைப் பிடித்துக் கொடுத்தவள்.

சவரிமுத்து மனைவி அந்தோணியம்மாள் பக்கம் தலையைத் திருப்பினார். பஞ்சை அழுத்திக்கொண்டிருந்தவளுக்குக் கேட்காது என்று நினைத்து, குரலைத் தாழ்த்தினார்.

"மதுரைக்கு மொத பஸ் எத்தன மணிக்குன்னு கேட்டு வையி."

அவள் இங்கே வேலைக்குச் சேருமுன் புருஷனும் பெண்டாட்டியும் டயாலிசிஸுக்கு அப்படித்தான் போனார்கள். இருட்டோடு கிளம்பி, திரும்பும்போது பஸ் ஜன்னலில் தலையைத் தொங்கப்போட்டு வாந்தி எடுத்துக்கொண்டு.

ஒரு மழைக்காலத்தில், போதும் என்று அவர் நிறுத்தியே விட்டார்.

மூச்சு முட்டிய பிறகுதான் இங்கே தூக்கி வந்தார்கள். அது அவள் சேர்ந்த வாரம்.

அந்தோணியம்மாள் முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு எழுந்தாள். முகத்தில் குறை எதுவும் இல்லை. பால் வாங்கப் போகிறவள் மாதிரி நடந்தாள்.

கதவுவரை போய்விட்டாள்.

"கேக்க வேணாம்மா. வந்து உக்காருங்க."

தன் குரல்தானா என்று சொன்னவளுக்கே சந்தேகமாக இருந்தது.

அந்தோணியம்மாள் நின்றாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.



அவள் பஞ்சை விலக்கிப் பார்த்தாள். ரத்தம் நின்றிருந்தது. பிளாஸ்திரியை ஒட்டினாள்.

வீட்டில் அவள் அம்மா இந்நேரம் பெங்களூர் வேலைக்கென்று தெரு முழுக்க இனிப்புக் கொடுத்து முடித்திருப்பாள்.