பத்தரை மணிக்குள்

அரக்கு உருகிக்கொண்டிருந்தது.

வங்கி ஆள் மெழுகுவர்த்தியை வாசற்படியிலேயே ஒட்டவைத்திருந்தான். பக்கத்தில் ஒரு புதுப் பூட்டு. நீதிமன்ற உத்தரவோடு வந்த அதிகாரி நிழல் பார்த்து நின்றார். கூடவே ஒரு பெண் போலீஸ்.

சாமான்கள் வேனில் ஏறிவிட்டன. உள்ளே அவள் மட்டும்தான் பாக்கி.

சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றவில்லை. புதன்கிழமை. ராகுகாலம் பன்னிரண்டிலிருந்து ஒன்றரை.

மணி ஒன்று பத்து.

அவள் பல்லி விழுந்த பலன்கூடப் பார்ப்பவள். கணவனுக்கு அதெல்லாம் கேலி. பஞ்சாங்கம் என்றுதான் அவளைக் கூப்பிடுவான். பஞ்சாங்கம், தும்மிட்டேன், ஆபீஸ் போகலாமா?

ஒரு வருஷமாக அப்படிக் கூப்பிடவில்லை.

இந்த வீட்டைப் பதிந்தது ஒரு வெள்ளிக்கிழமை. பதிவு அலுவலகம் திறப்பதே பத்து மணிக்கு. அவன் தாள்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தான். மூலப்பத்திரம் எங்கே, இது நகல்தானே என்று கேட்டான்.

லாக்கரில் இருக்கிறது, சாயந்திரம் தந்துவிடுகிறேன் என்றான் விற்றவன். வில்லங்கம் பார்த்தாச்சு, சுத்தமான சொத்து என்றான் தரகன்.

அவன் பேனாவை மூடினான். திங்கட்கிழமை வைத்துக்கொள்ளலாம், நானே ஒரு தடவை வில்லங்கம் போட்டுப் பார்க்கிறேன் என்றான்.

அவள்தான் அவன் முழங்கையைத் தொட்டாள். "திங்கட்கிழமை ஆடி பிறந்துடுதுங்க. இன்னிக்கே, பத்தரைக்குள்ள போட்டுடுங்க. அப்புறம் ராகுகாலம்."

அவன் அவளைப் பார்த்தான். சிரித்தான். கையெழுத்துப் போட்டான்.

மூலப்பத்திரம் எந்த லாக்கரிலும் இல்லை. விற்றவன் அதை இரண்டு வருஷத்துக்கு முன்பே வங்கியில் வைத்துக் கடன் வாங்கியிருந்தான். கட்டவில்லை. நோட்டீஸ் இவர்கள் வாசலுக்கு வந்தபோது அவன் ஊரிலேயே இல்லை.

வீட்டுக்காகக் கணவன் ஆபீஸில் வாங்கிய கடனுக்கு இன்னும் ஆறு வருஷம் சம்பளத்தில் பிடிப்பார்கள்.

வில்லங்கம்கூடப் பார்க்காமலா வாங்கினீர்கள் என்று வக்கீல் கேட்டார். அவள் குனிந்துகொண்டாள்.

"நான்தான் சார் அவசரப்பட்டுட்டேன்" என்றான் அவன்.

வீட்டுக்கு வந்தும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை திட்டியிருந்தால் அவள் அழுது தீர்த்திருப்பாள்.

"முடிஞ்சுதாம்மா?"

போலீஸ்காரி வாசலிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

அவள் எழுந்து வந்தாள். நிலைப்படியில் கால் நின்றுவிட்டது. இந்த நேரத்திலா இந்த வீட்டைவிட்டு இறங்குவது? கேட்க வாய் வரவில்லை. இனி எந்த முகத்தோடு நேரம் பார்ப்பது?

வேனுக்குப் பக்கத்தில் நின்ற அவன், அவள் காலைப் பார்த்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான். அதிகாரியிடம் போனான்.

"சார், ஒரு இருபது நிமிஷம் பொறுத்துக்க முடியுமா? ராகுகாலம். வீட்ல பாப்பாங்க."

அதிகாரி சலிப்போடு தலையை ஆட்டினார். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தார்கள்.

அவள் கடகடவென்று படியிறங்கினாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது. யார் பார்க்கிறார்கள் என்றும் பார்க்கவில்லை. சாவியைக் கொண்டுவந்து கணவன் கையில் வைத்தாள்.

மணி ஒன்று பதின்மூன்று.