பதினைந்து சுற்று

தோப்பில் ஜோடி ஆட்டத்துக்கு இரண்டே நாள் இருந்தது. பெட்டைக்கோழி வரமாட்டேன் என்றுவிட்டது.

"வருஷா வருஷம் சேவலார் ஜம்மென்று றெக்கையை நீட்டிக்கொண்டு நிற்பார். அதைப் பிடித்துக்கொண்டு முப்பது சுற்று சுற்றுவது நான். ஆளை விடுங்கள்."

"சுற்றிவிடுவது யாராம்? பாடு எனக்குத்தான்" என்றது சேவல்.

ஆட்டம் கட்டும் வாத்தியார் நண்டு. அதற்கு வழக்குக் கேட்கப் பொறுமை கிடையாது. மணலில் வரைந்திருந்த பழைய ஆட்டத்தைக் காலால் அழித்துவிட்டுப் புதிதாக ஒன்று கட்டியது. பெட்டைக்குப் பதினைந்து சுற்று, சேவலுக்குப் பதினைந்து.

"பூ, இவ்வளவுதானா!" என்றது சேவல்.

ஆட்டத்தன்று பெட்டை தன் பதினைந்தையும் சுற்றி முடித்து, றெக்கையை நீட்டி நின்றது. சேவல் சுற்றத் தொடங்கியது. ஏழாவது சுற்றில் கொண்டை சாய்ந்தது. பதினொன்றில் வேலியைப் பார்த்துக் கும்பிட்டது. பதினைந்தில், பார்க்க வந்த தவளைகளின் நடுவே போய் உட்கார்ந்தது.

"வாத்தியாரே, எனக்கு அதிகம் வைத்துவிட்டீர்!"

"ரெண்டு பேருக்கும் பதினைந்துதானய்யா."

"அவளுடையதெல்லாம் சின்னச் சுற்று!"

பெட்டை நீட்டிய றெக்கையை மடக்கவில்லை.

"எழுந்திரு மாமா, கூட்டம் இன்னொரு தரம் கேட்கிறது" என்றது.